மருத்துவக் கல்லூரி பின்வாசல் ஜெராக்ஸ் கடை: ஐந்து வருட வாடிக்கையாளர் எழுதுவது

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் விலைப்பட்டியல். ஜெராக்ஸ் பக்கம் 1 ரூபாய், 100 பக்கத்தைத் தாண்டினால் 75 காசு. ஸ்பைரல் 40, கட்டு தடியாக இருந்தால் 60. கலர் பிரிண்ட் 10 ரூபாய், எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. காலை எட்டரையிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும், ஞாயிறு மதியத்தோடு சரி. ஜிபே உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, முன்பு ஒன்று இருந்து காற்றில் விழுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை. 'இங்கு தீசிஸ் பைண்டிங் செய்து தரப்படும்' என்று ஒரு ஃபிளெக்ஸ் மட்டும் வெயிலில் வெளுத்துத் தொங்கும். எங்கள் கல்லூரி தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று, அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. அங்கே படிப்பவர்களுக்குப் பின்வாசல் என்றாலே புரியும்.

நான் 2020 பேட்ச். கொரோனாவால் எங்களுக்கு வகுப்பு தொடங்கியதே 2021 பிப்ரவரியில்தான். இப்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பு முடிந்து மருத்துவமனையில் பயிற்சி டாக்டர், இன்னும் சில வாரங்களில் அதுவும் முடிந்து ஊரைப் பார்த்துக் கிளம்பிவிடுவேன். இத்தனை வருடத்தில் நான் அதிக நேரம் நின்ற இடங்களை வரிசைப்படுத்தினால் முதலில் லேபர் வார்டு, அடுத்தது கேஷுவாலிட்டி, மூன்றாவது இந்தக் கடைதான். நிற்கத்தான் வேண்டும், உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் எப்போதும் ஒரு ஏ4 பேப்பர் பெட்டி உட்கார்ந்திருக்கும்.

கடையின் விசேஷம் மிஷினில் இல்லை. மிஷின் பழசு, நடுவில் பேப்பர் சிக்கும், கடைக்கார அண்ணன் மூடியைத் திறந்து பல் பிடுங்குகிற மாதிரி இழுப்பார். விசேஷம் அவர் எழுதி வைக்கிற துண்டுச் சீட்டில் இருக்கிறது. நாம் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டுப் போனால் கட்டின் மேல் ரப்பர் பேண்டில் ஒரு சீட்டு செருகுவார். மற்ற கடைகளில் பெயரோ போன் நம்பரோ எழுதுவார்கள். இவர் ஊர் எழுதுவார். முதல் நாள் நான் போய் நின்றபோது "எந்த ஊரும்மா?" என்றார். என் கிராமத்துப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் மானாமதுரை என்றேன். "கடம் செய்யிற ஊரா?" என்று கேட்டுவிட்டு 'மானாமதுரை' என்று எழுதிச் செருகினார். அன்றிலிருந்து அந்தக் கடையில் என் பெயர் மானாமதுரை. ஐந்து வருடமாக என் நிஜப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஊர் கேட்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கம் ஒருவர் ஊரைக் கேட்டால் அடுத்த கேள்வி 'ஊரில் எந்தத் தெரு?' என்று வரும், அது எதற்கான கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் முதல் நாள் வயிற்றில் ஏதோ பிசைந்தது. அண்ணன் அந்த இரண்டாவது கேள்வியை அன்றும் கேட்கவில்லை, இதுவரை யாரிடம் கேட்டும் நான் பார்த்ததில்லை. அவருக்கு ஊர் என்பது கட்டை அடுக்கி வைக்க ஒரு வழி, அவ்வளவுதான். அலமாரியில் 'தூத்துக்குடி', 'போடி', 'அறந்தாங்கி', 'ஊட்டி' என்று கட்டுகள் வரிசையாக இருக்கும், ஒரே ஊரில் இரண்டு பேர் வந்துவிட்டால் 'போடி சின்னது', 'போடி பெரியது' என்பார். பெரியது என்றால் சீனியர். ஆளின் உயரத்தைச் சொல்கிறார் என்று நினைத்து ஒரு சீனியர் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறார்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் வருடம் அது, அதில்தான் எனக்கு சீட் கிடைத்தது. ஃபீஸை அரசே கட்டியது, அதில் குறை இல்லை. குறை எல்லாம் உள்ளே போன பிறகுதான். ஹாஸ்டல் அறையில் மூன்று பேர், மற்ற இருவரும் சிபிஎஸ்இ. கெட்டவர்கள் கிடையாது, ஆனால் அவர்கள் பேச்சு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் மூன்றாவது விஷயத்துக்குப் போயிருப்பார்கள். டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் படிக்கிற இடத்தில், ஒரு டேபிளுக்கு பதினைந்து பேர், நான் பின்வரிசை, பல நாள் நான் பார்த்தது முன்னால் நிற்பவரின் கோட்டுப் பின்பக்கத்தை. வகுப்பில் ரோல் நம்பர்தான் கூப்பிடுவார்கள். மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு போய் மின்விசிறிக்குக் கீழே ஒரு காலி பெஞ்சில் உட்காருவேன், வீட்டிலிருந்து போன் வந்தால் "சாப்பிட்டேன், ஃப்ரெண்ட்ஸோட இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்பேன். இப்போது ஜூனியர்கள் போனில் அதே வரியைச் சொல்வதைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

கல்லூரி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது, காகிதத்தில் எல்லாம் இருந்தது. 2019ல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து முதல் வருடத் தொடக்கத்தில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் உண்டு, மென்டர் உண்டு. பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு பேராசிரியர், அவர் மாதாமாதம் நம்மைச் சந்தித்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஒரு படிவத்தில் எழுத வேண்டும். எங்கள் கல்லூரியில் அது எப்படி நடந்தது என்பதற்கு இந்த ஜெராக்ஸ் கடையே சாட்சி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளாஸ் ரெப் ஒரு படிவத்தோடு ஓடி வருவான், "அண்ணே, இதுல அறுநூறு". கடை வாசலில் மோட்டார் சைக்கிள் சீட்டுகளை மேசையாக்கி பன்னிரண்டு மாதச் சந்திப்பையும் நாங்களே எழுதுவோம், ஒரே பேனாவாகத் தெரியக்கூடாது என்று பேனா மாற்றி மாற்றி. 'மாணவரின் மனநிலை' என்ற கட்டத்தில் எல்லோரும் 'நன்று' என்று எழுதினோம். நான் அந்த மாதம் தினமும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன், நானும் 'நன்று' என்றுதான் எழுதினேன், வேறு எதையாவது எழுதினால் கையெழுத்து போடுகிறவர் நிறுத்திப் படித்துவிடுவாரோ என்ற பயம். அண்ணன் அறுநூறு பிரதிக்கும் பில் போட்டு பணம் வாங்கினார். அந்தப் படிவத்தால் யாராவது பயன் அடைந்தார்கள் என்றால் அது அவர்தான்.

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மனம்' என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. நல்ல யோசனை. எங்கள் இடத்தில் கவுன்சலிங் அறை கொடுத்தது நிர்வாக அலுவலகத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு, வாசலில் ரோல் நம்பர் எழுத ஒரு ரிஜிஸ்டர். அங்கே யார் போவார்கள்? அதே சமயத்தில் வந்த 14416 டெலிமானஸ் (போனில் மனநல ஆலோசனை தரும் அரசு உதவி எண்) போஸ்டர் ஒன்று ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறது. எப்படி அங்கே வந்தது என்று கேட்டேன். யாரோ மிச்சமான போஸ்டரை விட்டுப் போனார்களாம், சுவரில் ஓதம் தெரிந்ததால் மறைக்க ஒட்டினாராம். மிஷின் முன்னால் பத்து நிமிடம் காத்து நிற்கும்போது வேறு பார்க்க ஒன்றுமில்லை, அந்த நம்பர் எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு மனப்பாடம். நான் அறிந்து இரண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே வைக்கிற தேர்வில், அனாடமி, பயோகெமிஸ்ட்ரி இரண்டிலும் ஃபெயில். பிளஸ் டூ வரை பள்ளியில் முதல் மார்க் வாங்கியவள், ஃபெயில் என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அன்று இரவு ஒன்பதரை மணிக்குக் கடைக்குப் போனேன். அங்கே டைப்பிங்கும் உண்டு. படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் திருப்பித் தாருங்கள் என்று டீனுக்கு ஒரு லெட்டர் அடித்துத் தரச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அண்ணன் இரண்டு விரலில் அடித்துக்கொண்டே வந்தார், பாதி லெட்டரில் நிறுத்தி, "சிஸ்டம் ஹேங் ஆயிருச்சு. நாளைக்கு வாம்மா" என்றார். அப்புறம் அலமாரியைப் பார்த்தபடி, "இளையான்குடி கட்டு மூணு நாளாக் கிடக்கு, லேடீஸ் ஹாஸ்டல்தான், ஃபைனல் இயர். போற வழியில குடுத்துடுறியா? காசு அப்புறம் குடுக்கச் சொல்லு" என்று ஒரு கட்டை நீட்டினார்.

மானாமதுரையும் இளையான்குடியும் ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அந்த அக்கா கதவைத் திறந்து, கட்டை வாங்கி, சீட்டைப் பார்த்துவிட்டு, "நீ எந்த ஊரு?" என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவரும் தமிழ் மீடியம், அவரும் முதல் இன்டர்னலில் மூன்று பேப்பரிலும் ஃபெயில், அதைத் தேர்வு முடிவு மாதிரி இல்லாமல் அம்மை போட்ட கதை மாதிரி சொன்னார். போகும்போது தன் எலும்பு செட்டைக் கொடுத்தார். அது அவருக்கு முன்னால் மூன்று பேர் கை மாறி வந்தது, தசை ஆரம்பிக்கிற இடம் சிவப்பிலும் முடிகிற இடம் நீலத்திலும் வரைந்திருக்கும், ஸ்காபுலாவின், அதாவது தோள்பட்டை எலும்பின், ஓரத்தில் யாரோ ஒருவர் பொடி எழுத்தில் 'இது வைவாவில் கண்டிப்பா வரும்' என்று தமிழில் எழுதியிருந்தார். வந்தது. மறுநாள் நான் லெட்டர் வாங்கப் போகவில்லை. சிஸ்டம் நிஜமாக ஹேங் ஆனதா என்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன், ஆனது உண்மைதான் என்கிறார். அந்த கம்ப்யூட்டரைப் பார்த்தால் நம்பவும் தோன்றுகிறது.

முதல் வருடம், 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் போனில் பிடிஎஃப் திறந்தால் போன் சூடாகி அணைந்துவிடும். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் ஜூலையில் அண்ணன் ஒரு கட்டை மானாமதுரை போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார், என் அப்பா ஸ்டாண்டில் போய் வாங்கி வந்தார். சீட்டில் ஊர் மட்டும் எழுதியிருந்ததால் ஊரில் இறங்கிய எல்லோரையும் கண்டக்டர் விசாரித்திருக்கிறார். ஊருக்கே தெரிந்துவிட்டது நான் படிக்கிறேன் என்று.

இப்போது குறைகள், இவை கொஞ்சம் நீளம். கலர் பிரிண்ட்: ஹிஸ்டாலஜி ஸ்லைடுகள் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற திசுப் படங்கள்) இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருக்க வேண்டும், இங்கே எல்லாம் தக்காளிச் சட்னி நிறத்தில் வரும், கல்லீரலும் சிறுநீரகமும் ஒன்று போலவே இருக்கும். ஸ்பைரல் ஒரு வருடம்கூட தாங்காது, நடுப்பக்கங்கள் முதலில் கழன்று போகும், நடுப்பக்கத்தில்தான் நெர்வ் சப்ளை இருக்கும். 'ரெண்டு பக்கமும் போடுங்கண்ணே' என்று மூன்று முறை சொன்னாலும் ஒரு பக்கம் போட்டு வைப்பார். தேர்வுக்கு முந்தின வாரம் கூட்டத்தில் அவர் குரல் உயரும், அப்போது எதையும் கேட்காதீர்கள், மதியம் கடை அக்கா கல்லாவில் இருக்கும் நேரமாகப் போங்கள். முழுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தர மாட்டார், போலீஸ் பயம். டெல்லி பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டு 2017ல் அவர்களே வாபஸ் வாங்கிய கதையைச் சொல்லிப் பார்த்தேன், "அது டெல்லிம்மா" என்று முடித்துவிட்டார்.

பெரிய குறை வேறு. இங்கே ஓடுவதெல்லாம் சீனியர் நோட்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். லாங் தொராசிக் நெர்வ் என்பது மார்பின் பக்கவாட்டில் இறங்குகிற ஒரு நரம்பு, அதன் ரூட், அதாவது கழுத்துத் தண்டுவடத்தில் அது கிளம்புகிற இடம், சி5, சி6, சி7. பிரதி எடுத்து எடுத்து அந்த 5 மங்கி 8 ஆகியிருக்கிறது. அதைப் பார்த்த யாரோ ஒருவர் வரிசைப்படி இல்லையே என்று புத்திசாலித்தனமாக சி6, சி7, சி8 என்று மாற்றி எழுதிவிட்டார், அடுத்தடுத்த பேட்ச் எல்லாம் அதையே படித்தது. இன்டர்னலில் எங்கள் வகுப்பில் நாற்பது பேர் ஒரே தப்பை எழுதினோம். பேராசிரியர் பேப்பர் கொடுக்கும்போது, "எல்லாரும் ஒரே கடையிலதான் படிக்கிறீங்க போல" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்த முதல் தடவை அது என்று நினைக்கிறேன், தப்பு செய்தவர்கள் கூட்டத்தில் ஒருத்தியாக.

மூன்றாவது வருடம் ஒரு வேடிக்கை. எஸ்பிஎம் (சமூக மருத்துவம்) பி.ஜி., அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர் ஒருவர் தீசிஸுக்காக முந்நூறு கேள்வித்தாள் பிரிண்ட் போட வந்தார், தலைப்பு மருத்துவ மாணவர்களின் உளவியல் தேவைகள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களிலிருந்து சொல்லி வருகிற விஷயம்தான், மனிதருக்கு அடிப்படையாக மூன்று தேவை: தன் இஷ்டப்படி எதையாவது தீர்மானிக்க முடிவது, நம்மால் இது முடிகிறது என்ற உணர்வு, நாலு பேரோடு ஒட்டுதல். இந்த மூன்றும் எங்களுக்கு இருக்கிறதா என்று 1 முதல் 5 வரை வட்டம் போட வேண்டும். ஆள் பிடிக்க வேறு எங்கும் போகாமல் கடை வாசலிலேயே எங்களை மடக்கினார். தீர்மானிக்க முடிவதில் எல்லோரும் 1 போட்டோம், நாளை எந்த வார்டு என்றுகூட நமக்குத் தெரியாதே. முடிகிறது என்ற உணர்வுக்கு ஊசி போடக் கற்றுக்கொண்ட வாரமாக இருந்ததால் 3. ஒட்டுதலுக்கு வந்தபோது பேனா நின்றது. 'நான் அக்கறை காட்டுகிறவர்கள் என் மேலும் அக்கறை காட்டுகிறார்கள்' என்கிற மாதிரி ஒரு வரி. முதல் வருடத்தில் இதே தாள் வந்திருந்தால் யோசிக்காமல் 1 போட்டிருப்பேன், அல்லது பயந்து 5. பிரிண்ட் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, "இதெல்லாமா கேப்பாங்க? ஆளப் பாத்தாத் தெரியாதா?" என்றார். பி.ஜி. அவரிடம், பார்த்தால் தெரிவதை தீசிஸில் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அந்தத் தீசிஸும் இங்கேதான் பைண்ட் ஆனது, கெட்டி அட்டை, தங்க எழுத்து.

2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு அறிக்கை வெளியானபோது சைக்கியாட்ரி பி.ஜி. ஒருவர் அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டார். நான் வரிசையில் நின்றபடி புரட்டினேன். ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலில் ஒருவருக்கு மேல். எங்கள் அறை மூன்று பேர், பக்கத்து அறை மூன்று பேர், ஆறில் யார் என்று மனம் தானாக எண்ண ஆரம்பித்தது, என் அறைத்தோழிகளில் ஒருத்தி இரவில் விளக்கை அணைக்க விடாததற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது. என் மேலேயே அவ்வளவு கண்ணாக இருந்திருக்கிறேன். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவளுக்குத் தனிமை இருக்காது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் அதில் பரிந்துரை இருக்கிறது. அந்த பி.ஜி. முந்தின நாள் காலையிலிருந்து டியூட்டியில் இருந்தவர், அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டு, கவுண்டரில் தலையைச் சாய்த்து பைண்டிங் முடியும் வரை நின்றபடியே தூங்கினார். அண்ணன் பஞ்சிங் மிஷினை அன்று மெதுவாக அழுத்தினார்.

ஆனால் இந்தக் கடைக்கு இப்போது கூட்டம் குறைவு. மெயின் ரோட்டில் ஏசி போட்டு ஒரு புதுக் கடை வந்திருக்கிறது, கலர் அருமையாக வருகிறது, ஹிஸ்டாலஜிக்கு அங்கேயே போங்கள், நான் மனதாரச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பிவிட்டுப் போனால் டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இரண்டே நிமிடம், யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். அதைவிட, ஜூனியர்கள் பலர் பேப்பரே தொடுவதில்லை, டேப்லெட், டெலிகிராம் குழுவில் எல்லா நோட்ஸும் இலவசம். என் வார்டுக்கு வருகிற மூன்றாம் வருடப் பையன் ஒருவனிடம் இந்த நோட்ஸ் யாருடையது என்று கேட்டேன், "தெரியலைக்கா, குரூப்ல வந்துச்சு" என்றான். தப்பில்லை, அதில் 5 மங்கி 8 ஆகாது. அவனுக்குச் சீனியர் என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களத் தெரியும்" என்றான். நாங்கள் பழகி அப்போது நாலு நாள்தான் ஆகியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன், திருச்சுழி. மறுநாள் கடைக்கு அழைத்துப் போனேன், அலமாரியில் திருச்சுழி கட்டு ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஃபைனல் இயர் பெண். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'திருச்சுழி சின்னது' என்று எழுதினார்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது கலர் பிரிண்டுக்காகவும் அந்த ஸ்டூலுக்காகவும்.

என் முதல் வருட நோட்ஸை அங்கேயே விட்டுப் போகிறேன், 'மானாமதுரை பெரியது' என்று கேட்டால் எடுத்துத் தருவார். பக்கம் 43ல் லாங் தொராசிக் நெர்வுக்கு சி6, சி7, சி8 என்று இருக்கும், சி5, சி6, சி7 என்று திருத்தியிருக்கிறேன். கையில் இருந்தது பென்சில், அது இந்த மிஷினில் விழாது. பிரதி வாங்கினால் நீங்களே பேனாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.